வெனிஸுக்கு முதல்முறை போறீங்களா? முதல்ல இதைத் தெரிஞ்சுக்குங்க

இத்தாலியின் வெனிஸ் நகரில் கார், பேருந்து எதுவும் ஓடாது. 100க்கும் அதிகமான குட்டித் தீவுகளைச் சுமார் 400 பாலங்கள் இணைக்கின்றன. நடக்கணும், இல்லன்னா படகு.

நகருக்குள் நுழையவே கட்டணமா?

ஆமாம். 2024 ஏப்ரலில் அறிமுகமானது. கூட்டம் அதிகமுள்ள சில நாள்களில் மட்டும், காலை 8.30 முதல் மாலை 4 வரை. 2025இல் முன்கூட்டியே பதிந்தவர்களுக்கு 5 யூரோ. கடைசி நேரத்தில் 10 யூரோ.

எல்லாருக்குமா?

இல்லை. ஒரே நாளில் வந்து திரும்புவோருக்குத்தான். வெனிஸ் நகராட்சி எல்லைக்குள் இரவு தங்கினால் விலக்கு உண்டு. ஆனா, அதற்கும் இணையத்தில் பதியணும்.

ஏன் இந்தக் கட்டுப்பாடு?

1950களில் வரலாற்று நகரில் 170,000 பேருக்குமேல் வசித்தனர். இப்போது 50,000க்கும் குறைவு. பல வீடுகள் சுற்றுப்பயணிகள் தங்கும் இடங்களாகிவிட்டன. உள்ளூர்வாசிகளுக்கு வீடு கிடைப்பதே சிரமம்.

என்ன கவனிக்கணும்?

- படகில் ஏறுமுன் பயணச்சீட்டை இயந்திரத்தில் தட்டுங்க.
- சான் மார்க்கோ சதுக்கத்தின் படிகளில் உட்கார்ந்து சாப்பிட்டால் அபராதம்.
- பாலங்களில் படிகள் அதிகம். சின்னப் பெட்டி போதும்.

முடிந்தால் ஓரிரவு தங்குங்க. மாலையில் கூட்டம் கலைஞ்ச பிறகுதான் அங்கே வாழ்பவர்களின் வெனிஸைப் பார்க்கலாம்.