ஜொகூர்க் காட்டிலிருந்து கோல்ஃப் திடலுக்கு



நெகிழி வட்டை வீசிச் சங்கிலிகள் தொங்கும் கூடையில் விழச் செய்யும் விளையாட்டுக்கு வட்டுக் கோல்ஃப் என்று பெயர். அமெரிக்கரான எட் ஹெட்ரிக் 1975ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் அதற்கெனத் திடல் அமைத்தார். அவ்வட்டைச் செய்வோர் நெகிழி மணிகளைச் சூட்டில் உருக்கி, எஃகு அச்சினுள் அழுத்திச் செலுத்திக் குளிரவைக்கின்றனர். பின்னர் விளிம்பின் பிசிறை நீக்கி எடை பார்க்கின்றனர். சூட்டில் இளகிக் குளிரில் இறுகும் பொருளால் விளையாட்டுக் கருவி செய்யும் இவ்வழக்கத்தின் பழைய வரலாறு நம் ஜொகூர்க் காட்டைத் தொட்டுச் செல்கிறது.

இக்காடுகளில் தாபான் என்னும் மரம் வளர்ந்தது. அதன் பால் உறைந்தால் கெத்தா பெர்ச்சா ஆகும். மலாய் மக்கள் அதைச் சுடுநீரில் இளக்கிப் பாராங் கத்திக்குக் கைப்பிடி செய்தனர். சிங்கப்பூரில் மருத்துவராகப் பணியாற்றிய வில்லியம் மொண்ட்கோமரி 1843ஆம் ஆண்டில் அதன் மாதிரிகளை இலண்டனுக்கு அனுப்பினார்.

அக்காலத்துக் கோல்ஃப் பந்து, தோல் உறைக்குள் இறகு திணித்துத் தைக்கப்பட்டது. விலை மிகுதி, நனைந்தால் கெட்டுவிடும். 1848ஆம் ஆண்டளவில் கெத்தா பெர்ச்சாப் பந்து வந்தது. முதலில் கையால் உருட்டினர். பின்னர் அச்சிலிட்டு அழுத்தினர். வழவழப்பான புதுப்பந்தைவிட, அடிபட்டுக் கீறல் விழுந்த பழைய பந்தே நன்றாகப் பறப்பதைக் கண்டு, பந்தின் மேல் வரிகளைப் பொறிக்கலாயினர். நூறாண்டு கடந்தபின் ஹெட்ரிக்கும் பறக்கும் தட்டின் மேற்பரப்பில் வட்ட வரிகளை அமைத்து 1967ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார்.

இதற்குக் காடு கொடுத்த விலை பெரிது. மரத்தை வெட்டிச் சாய்த்து, பட்டையில் வளையமாகக் கீறியே பாலை எடுத்தனர். ஒரு மரத்தில் கிடைத்ததோ சிறிதளவு. கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையிடவும் இப்பால் தேவைப்பட்டதால், கோல்ஃப் பந்தைவிடப் பன்மடங்கு மரங்கள் அதற்காக வீழ்ந்தன. ஜொகூரின் கெத்தா வணிகத்தால் தெமெங்கோங் டாயிங் இப்ராஹிம் பெருஞ்செல்வம் ஈட்டினார். இவர் பின்னாளில் சுல்தானான அபு பக்காரின் தந்தை ஆவார்.

1898ஆம் ஆண்டில் அமெரிக்கரான கோபர்ன் ஹாஸ்கெல், ரப்பர் இழையை இறுகச் சுற்றிய பந்தை உருவாக்கினார். கெத்தாப் பந்தின் காலம் முடிந்தது. அதே காலத்தில், மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஹென்றி ரிட்லி செம்மைப்படுத்தினார். மலாயாத் தோட்டங்களில் அம்முறையைக் கைத்தொழிலாக்கியோருள் பெரும்பகுதியினர் நம் தமிழர். பட்டையில் காயம் ஆழ்ந்தால் மரம் கெடும் என்பதை அவர்தம் கை அறிந்திருந்தது. ஆகவே ஒரே பால்மரம் பல்லாண்டுகள் பயன் தந்தது.

மாணவர்களே, ஒரு பொருள் எவ்வாறு செய்யப்படுகிறது என்று படிக்கும்போது, அதன் மூலப்பொருளை எவர் எடுத்தனர், எதை அழித்து எடுத்தனர் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பல் மருத்துவர்கள் இன்றும் பல்லின் வேர்க்குழியைக் கெத்தா பெர்ச்சாவால் நிரப்புகின்றனர். கூலாய் வட்டாரத்தில் தாபான் மரத்தைக் கண்டறிந்த முதியவர் எவரேனும் இருப்பின், அவர் கூறுவதை எழுதி வையுங்கள்.