பழி விழுந்த கை

திருமழபாடிப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கல்பனா சாவ்லா என்றால் 2003 பிப்ரவரி 1, கொலம்பியா சிதறிய நாள்தான். எனக்கு 1997 நவம்பர் முக்கியம். முதல் பயணம், விண்கலத்தின் இயந்திரக் கையால் ஸ்பார்ட்டன் என்ற சூரிய ஆய்வுக்கோளை வெளியே விட்டார். அது செயல்படவில்லை. சகாக்கள் இருவர் விண்ணில் இறங்கிக் கையாலேயே பிடித்து வந்தார்கள். பழியோ கல்பனாமீது விழுந்தது. மென்பொருள் இடைமுகத்திலும் வகுத்திருந்த நடைமுறைகளிலுமே பிழை என்று பிறகு நாசா விசாரணை சொன்னது. 2000இல் மறுபயணத்துக்குத் தேர்வானார். பழிக்கும் தேர்வுக்கும் இடையில் வேலையை விடாதிருந்தாரே, துணிவு அதுதான்.

துணிவுக்கென்று தமிழக அரசு தரும் கல்பனா சாவ்லா விருது 2020இல் பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டத்துப் பெண்கள் மூவருக்குக் கிடைத்தது. கொட்டரை நீர்த்தேக்கத்தில் மூழ்கிய இளைஞர்களுக்குக் கட்டியிருந்த சேலையை அவிழ்த்து வீசியவர்கள். இருவரைக் கரைசேர்த்தார்கள்.