வெட்டுவது ஒரு வேலை, வேரெடுப்பது வேறு வேலை

பிள்ளையார்குப்பம் பக்கத்திலே ஒருவர் கேட்டார்: "வாய்க்கால் கரையில வேலிகாத்தான் மண்டிப் போச்சுங்க. ஜேசிபி விட்டு அழிச்சோம். அடுத்த மழைக்கே திரும்ப முளைச்சு நிக்குது. போட்ட காசு வீண்தானா?" வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் ஏரி, வாய்க்கால் உள்ள எந்த ஊரிலும் இந்தக் கேள்வி எழும். பதில் பழைய கதையில் இருக்கிறது.

ஏரி காப்பது நமக்குப் புதிதல்ல. உத்திரமேரூரில் கி.பி. 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, ஏரி வாரியம் என்று தனியாக ஒரு குழுவையே குறிப்பிடுகிறது. நம் பக்கத்தில் தென்பெண்ணைத் தண்ணீரைச் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் பாகூர் ஏரிக்குக் கொண்டு வருகிறது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் 'சிந்திக்கா அக்ரிகோல்' என்ற விவசாயிகள் சங்கம் ஏரி, வாய்க்காலைப் பார்த்துக் கொண்டது. 1954-இல் புதுவை இந்தியாவோடு இணைந்த பிறகு அந்தப் பொறுப்பு அரசு இலாகாவுக்குப் போயிற்று. 1999-இல் ஐரோப்பிய யூனியன் உதவியோடு ஏரிச் சீரமைப்புத் திட்டம் தொடங்கியபோது, ஊருக்கு ஊர் ஏரிச் சங்கங்கள் மறுபடியும் அமைந்தன.

அந்தக் காலத்து ஆட்கள் கரைக்குப் போகும்போது கையில் என்ன இருந்தது? அரிவாள் ஒன்று, மண்வெட்டி ஒன்று. அரிவாள் செடியைச் சாய்க்கும். மண்வெட்டியும் கடப்பாரையும் வேரைக் கிளப்பும். இரண்டு வேலைக்கு இரண்டு கருவி. இதை மறந்ததுதான் நம்முடைய தொல்லைக்கெல்லாம் காரணம்.

வேலிகாத்தான் என்கிற சீமைக் கருவேலம் நம் நாட்டு மரமல்ல. அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. 1870-களில் அன்றைய சென்னை மாகாணத்தில் விறகுக்காகவும் தரிசை மூடவும் விதை தருவித்தார்கள். பின்னாளிலும் அரசே விதைத்தது. பொல்லாத மரம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. எத்தனையோ ஏழைக் குடும்பங்களின் அடுப்பு அதனால்தான் எரிந்தது, கரிமூட்டத்தால் பிழைத்தவர்களும் உண்டு. ஆனால் ஆடு மாடு அதன் நெற்றைத் தின்னும். விதை சாணத்தோடு முழுசாக வெளியே விழுந்து முளைக்கும். அப்படித்தான் வேலியிலிருந்து வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து ஏரிக்கும் அது நடந்து போயிற்று.

இதை வெட்டினால் ஏன் துளிர்க்கிறது? தண்டும் வேரும் சேருமிடத்தில், மண்ணுக்குள்ளே, தூங்கும் மொட்டுகள் இருக்கின்றன. தலையை வெட்டினால் அவை விழித்துக்கொள்ளும். ஒரு கம்பு இருந்த இடத்தில் பத்துக் கம்பு வரும். இதன் பங்காளி மரத்தோடு அமெரிக்காவில் டெக்சாஸ் மாட்டுப் பண்ணைக்காரர்களும் பல காலம் போராடினார்கள். சுமார் ஓரடி ஆழத்தில், மொட்டுக்குக் கீழே வேரை அறுத்தால்தான் சாகும் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள்.

அடுத்து இயந்திரம் வந்த கதை. பத்திரிகையில் 'பொக்லைன் இயந்திரம்' என்று படித்திருப்பீர்கள். பொக்லைன் என்பது ஒரு பிரெஞ்சுக் கம்பெனி. பண்ணைக் கருவி செய்யும் பட்டறையாகத் தொடங்கி, 1951-இல் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் தோண்டும் இயந்திரத்தைச் செய்தது. ஜேசிபி இங்கிலாந்துக் கம்பெனி. 1979-இல் அரியானாவின் பல்லப்கரில் அதன் தயாரிப்பு தொடங்கியது. இப்போது மஞ்சளாக எது வந்தாலும் நமக்கு ஜேசிபிதான்!

பெரிய வண்டிக்குப் பெரிய பலம். ஆனால் கரைமேல் அது என்ன செய்கிறது? மரத்தை இடித்துத் தள்ளும்போது பாதி வேர் அறுந்து உள்ளேயே தங்குகிறது. அது துளிர்க்கிறது. முழுசாகப் பிடுங்கினாலோ, அந்த இடத்தில் கரை பொக்கையாகிறது. அதை அப்படியே விட்டால் ஐப்பசி மழையில் அங்கேதான் தண்ணீர் கசியும். கசிவு உடைப்பானால் போவது முள் அல்ல, ஆயக்கட்டு முழுவதும் உள்ள பயிர்.

இதற்கு ஒரு வழி குட்டி வண்டி. 1960-களின் கடைசியிலும் 1970-களின் தொடக்கத்திலும் ஜப்பானில் யான்மார், தக்கேயுச்சி போன்ற கம்பெனிகள், குறுகிய இடத்தில் நுழைந்து தோண்டும்படி மினி எக்ஸ்கவேட்டரைக் கொண்டு வந்தன. எடை குறைவு. பட்டைச் சங்கிலி மேல் ஓடுவதால் பாரம் பரவி விழும்.

இதோடு சேரும் இன்னொன்று 'பிளெயில் மோவர்'. உளுந்தைத் தடியால் அடிப்பதை நினைத்துக் கொள்ளுங்கள். சுழலும் உருளையில் பல கத்திகள் தொங்குகின்றன; வேகமாகச் சுழன்று புதரை அடித்துப் பொடியாக்கும். கல் பட்டால் கத்தி பின்னுக்கு மடங்கி விலகும். இதே தத்துவத்தில், 1942-இல் எல் அலமைன் சண்டையில் டாங்கிக்கு முன்னால் சங்கிலிகளைச் சுழலவிட்டுக் கண்ணிவெடிகளை வெடிக்க வைத்தார்கள். கதிரடித்த கோல் போர்க்களம் போய், மறுபடி கழனிக்கு வந்திருக்கிறது!

இந்த இரண்டும் சேர்ந்தால் பழைய அரிவாளும் மண்வெட்டியும்தான். வேலையின் வரிசை இது. முதலில் பருத்த மரத்தை ஆள் வைத்து அறுத்து விறகாக எடுத்துவிடுங்கள். குட்டி வண்டியின் மோவர் இரண்டு விரல் பருமனுக்குமேல் திணறும். அடுத்து மோவரைக் கையில் மாட்டி, மேலிருந்து கீழாகப் புதரை அடியுங்கள். இப்போது ஒவ்வொரு அடிக்கட்டையும் கண்ணுக்குத் தெரியும். மோவரைக் கழற்றி, குறுகலான பக்கெட்டை மாட்டி, கட்டையைச் சுற்றி ஓரடிக்குக் குறையாமல் தோண்டி வேரோடு எடுங்கள். குழியில் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுத் திமிசு கொண்டு இடியுங்கள். கரையிலே பெரிய மரமென்றால் பொதுப்பணித் துறையைக் கேட்காமல் தோண்ட வேண்டாம்.

சில எச்சரிக்கைகள். மோவர் கல்லையும் கம்பித் துண்டையும் குண்டு போல வீசும். எதிரே ஒருவரும் நிற்கக் கூடாது. சரிவில் வண்டியைக் குறுக்கே ஓட்டாதீர்கள், கவிழும். மோவருக்குத் தனி எண்ணெய்க் குழாய் வேண்டும். வண்டியின் எண்ணெய் ஓட்டத்துக்குப் பொருந்தாத மோவரை மாட்டினால் சூடேறிக் கெடும். வாடகை பேசும்போதே இதைக் கேளுங்கள். ஏரி வற்றியிருக்கும்போது, நெற்று பழுப்பதற்கு முன்னால் வேலையை முடியுங்கள். அடுத்த இரண்டு மழைக்கும் முளைக்கிற கன்றுகளைக் கையாலேயே பிடுங்கிவிடுங்கள்.

ஆக, பிள்ளையார்குப்பத்து நண்பருக்குப் பதில் இதுதான்: காசு வீணானது இயந்திரத்தால் அல்ல, பாதி வேலையோடு நிறுத்தியதால். ஒருவர் தனியாக வாடகை கொடுக்க முடியாது. ஒரே வாய்க்காலில் பாயும் பத்துப் பேர் சேர்ந்தால் முடியும். கரை ஊருக்குப் பொது. முள்ளும் பொதுதான்.