மாந்தை ஓடுகளும் தேநீர்க் குவளையும்

மன்னார் பெருநிலப்பரப்பில், திருக்கேதீச்சரத்தை அண்டியுள்ள மாந்தையில் 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் அகழ்வுகள் நடைபெற்றன. அங்கு கிடைத்த சீனப் பீங்கானையும் மேற்காசிய மெருகுப் பாண்டங்களையும் பற்றியே பலரும் பேசுவர். எங்கள் தொழிலிலும் பீங்கானுக்குத்தான் தலைப்புக் கிடைக்கும். ஆனால் குழிகளிலிருந்து வெளிவந்தவற்றுட் பெரும்பகுதி மெருகற்ற சாதாரண மட்பாண்ட ஓடுகளே.

வட இந்தியப் புகையிரத நிலையங்களில் தேநீர் ஊற்றித் தரும் 'குல்ஹட்' எனும் மண் குவளையைப் புகழ்வோர், எறிந்தால் அது மண்ணோடு மண்ணாகிவிடும் என்பர். மாந்தை ஓடுகள் ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் அவ்வாறு ஆகவில்லை. சுட்ட மண் கரைவதில்லை.

அந்தச் சுடுதலுக்கு முன்னே எவ்வளவு வேலை! குளத்து மண்ணை வெட்டிச் சுமந்து, கல்லும் வேரும் நீக்கி, ஊறவைத்து, காலால் மிதித்துப் பதப்படுத்த வேண்டும். திகிரியிற் சுழலும் ஒரே மண் திரளின் உச்சியில் குவளைகளை ஒவ்வொன்றாக வனைந்து நூலால் அறுத்தெடுப்பர். பின்னர் வெயிலில் உலர்த்தி, வரட்டியும் வைக்கோலும் விறகும் இட்டுச் சூளை மூட்டுவர். எதிர்பாராத மழை ஒன்று போதும், பல நாள் உழைப்புச் சேறாகிவிடும். சூளையில் வெடிப்பவை வேறு. மண் பிசைவதும் உலர்த்துவதும் பெரும்பாலும் பெண்களின் பங்கு. எனினும் திகிரியைத் தொட மரபு அவர்களுக்கு இடமளிக்கவில்லை.

2004 இல் ரயில்வே அமைச்சரான லாலு பிரசாத் யாதவ், பிளாஸ்ரிக் கோப்பைக்குப் பதிலாக மண் குவளையைக் கட்டாயமாக்க முனைந்தார். பாரமும் உடைவும் விற்பனையாளருக்கு ஒத்துவரவில்லை. சில ஆண்டுகளிற் கடதாசிக் கோப்பை மேலோங்கிற்று. 2020 இல் பியூஷ் கோயல் அதே அறிவிப்பை மீண்டும் விடுத்தார்.

இத்தனை பாடுபட்டுச் செய்ததை ஒரு முறை குடித்ததும் எறிவானேன்? நுண்டுளைகளில் தேநீர் ஊறிவிடும் என்பது ஒரு காரணம். பிறர் வாய்பட்ட மண்பாத்திரம் தீட்டு என்ற சாதி எண்ணம் அதனினும் பழைய காரணம். நம்மவரும் இதிற் சளைத்தவரல்லர். யாழ்ப்பாணத் தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குச் சிரட்டையிலும் போத்தலிலும் தேநீர் கொடுத்தனர். 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பின்னரும், 1960களின் பிற்பகுதியிற் சங்கானையிலும் சாவகச்சேரியிலும் தேநீர்க் கடைப் பிரவேசத்திற்காகப் போராட வேண்டியிருந்தது.

மன்னார் உட்பட எமது பனங்கூடல்களில் எறியும் பாத்திரம் வேறு: பனையோலையைக் கோலிக் கட்டிய பிளா. கள்ளைக் குடித்து அதை எறிந்துவிடுவர். குயவர் வனைந்த முட்டியோ உடையும்வரை பாளையிலே தொங்கும். இறக்கிக் கழுவி மீண்டும் கட்டுவர். இப்போது அந்த முட்டி தொங்கிய இடத்திற்கும் பிளாஸ்ரிக் கலன் ஏறிவிட்டது.