மானியம் வேண்டுமா? இரண்டு பிரேக் எங்கே?

அரசு பணம் ஒதுக்கினால் புதிய தொழில்நுட்பம் தானே வளர்ந்துவிடும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். எவ்வளவு பணம் என்பதைவிட, எதற்குக் கொடுக்கலாம், எதற்குக் கூடாது என்னும் தகுதி விதி முக்கியமாகிவிடுவதும் உண்டு. காற்றாலையின் வரலாற்றைப் பாருங்கள்.

1973-இல் பெட்ரோலிய நெருக்கடி வந்தபோது டென்மார்க் பெரும்பாலும் இறக்குமதி எண்ணெயை நம்பியிருந்தது. அங்குள்ள தச்சர்களும் கொல்லர்களும் தம் பட்டறைகளிலேயே காற்றாலை கட்டத் தொடங்கினர். கிறிஸ்டியன் ரீசாகர் என்ற தச்சரின் 22 கிலோவாட் ஆலை நல்ல பெயர் பெற்றது. 1978-இல் ரீசோ அணு ஆராய்ச்சி நிலையத்தில் காற்றாலைகளுக்கென ஒரு சோதனை நிலையம் அமைந்தது. மறு ஆண்டே அரசு, காற்றாலை நிறுவுவோருக்குச் செலவில் 30 விழுக்காடு மானியம் அறிவித்தது. ஆனால் ரீசோவின் ஒப்புதல் பெற்ற ஆலைக்கே மானியம்!

ஒப்புதலுக்கான நிபந்தனைகளுள் ஒன்று, ஆலையில் ஒன்றையொன்று சாராத இரண்டு பிரேக்குகள் இருக்கவேண்டும் என்பது. ஏன் இரண்டு? லென்ஸ் விதியை நினைவுகூருங்கள். மின்னாக்கி மின்சாரம் தரும்போது தன்னைச் சுழற்றும் விசையை எதிர்க்கிறது. அதாவது மின்னாக்கியே ஒரு பிரேக். (என் மாணவர்கள் இதை முதலில் நம்புவதில்லை.) புயலில் மின்கம்பி அறுந்தால் அந்த எதிர்ப்பு மறைந்துவிடும். காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் திறன் எட்டு மடங்காகும். அப்போது தண்டிலுள்ள ஒரே பிரேக்கும் பழுதானால் இறக்கைகள் கட்டுக்கடங்காமல் சுழன்று சிதறும். அந்நாளில் சில ஆலைகளுக்கு இந்தக் கதி நேர்ந்தது. இரண்டாவது பிரேக் இறக்கையின் நுனியில் இருந்தது. வேகம் மிஞ்சினால் நுனி திரும்பிக் காற்றைத் தடுக்கும். 1957-இல் கெட்சரில் யொஹான்னஸ் யூல் நிறுவிய 200 கிலோவாட் ஆலையிலேயே இந்த உத்தி இருந்தது.

ரீசோவின் பொறியாளர்கள் சான்று தருவதோடு நிற்கவில்லை. அளந்து பார்த்துக் குறைகளைப் பட்டறைக்காரர்களுக்கு எடுத்துச் சொன்னார்கள். எந்த ஆராய்ச்சிக் கட்டுரையும் எட்டாத இடத்திற்கு அறிவியல் இப்படிச் சென்றது என்பேன். மானியம் படிப்படியாகக் குறைந்து 1989-இல் நின்றது. தொழில் நிற்கவில்லை.

அதே காலத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பணம் இன்னும் தாராளம். மத்திய, மாநில வரிச்சலுகைகள் சேர்ந்து முதலீட்டில் ஏறத்தாழப் பாதியை ஈடுசெய்தன. ஆனால் டென்மார்க்கைப்போல் கட்டாய ஒப்புதல் இல்லை. ஆலை எவ்வளவு மின்சாரம் தருகிறது என்பதையும் சலுகை பார்க்கவில்லை. மலைச்சரிவுகளில் ஆயிரக்கணக்கான ஆலைகள் எழுந்தன. சோதித்துப் பார்க்காத வடிவங்கள் பல, சில மாதங்களிலேயே உடைந்து நின்றன. தாக்குப்பிடித்தவற்றில் கணிசமானவை டென்மார்க்கிலிருந்து கப்பலேறி வந்தவை. 1985-இன் முடிவில் மத்தியச் சலுகை காலாவதியானதும் அங்குச் சந்தை சரிந்தது.

நம் நாட்டிலும் 1990-களில், ஆலையின் முழு விலையையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கணக்குக் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ள வழியிருந்தது. முப்பந்தல் பக்கம் ஆலைகள் பெருகின. வரிக்காகவே நிறுவி, பிறகு சரிவர ஓடாதவையும் அவற்றுள் உண்டு. 1998-இல் சென்னையில் காற்றாற்றல் தொழில்நுட்ப மையம் தொடங்கியது. அதன் சோதனை நிலையம் டென்மார்க்கின் உதவியுடன் கயத்தாற்றில் அமைந்தது. வழிகாட்ட வந்தவர்கள் ரீசோக்காரர்கள்தாம்.