நெய்யும் கஞ்சாவும்: ஒரு மருத்துவ வரலாற்றுக் குறிப்பு

பத்து காவான் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர் வந்து சேர்ந்த 19ஆம் நூற்றாண்டில், கல்கத்தா மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் ஓ'ஷானசி கஞ்சாவை ஆராய்ந்து 1839இல் கட்டுரை வெளியிட்டார். நெய், பால், சர்க்கரை சேர்த்துச் செய்யும் மாஜூன் என்னும் பண்டத்தையும் அதில் விவரித்தார்.

நெய்யின் பங்கு பின்னரே விளங்கிற்று. கஞ்சாவிலிருந்து 1940இல் பிரித்தெடுக்கப்பட்ட கன்னாபிடியால் நீரில் கரைவது அரிது, கொழுப்பில் கரையும். உண்ணும்போது, கரைதல் குறைவாலும் கல்லீரலில் சிதைவதாலும் சிறுபங்கே குருதியை அடைகின்றது. கொழுப்பு மிகுந்த உணவோடு உட்கொண்டால் அவ்வளவு பன்மடங்காகின்றது. தோலில் பூசினாலோ, மேற்படலக் கொழுப்பே அதனைத் தேக்கிக்கொள்வதால் உட்செல்வது மிகக் குறைவு.

மருந்தை எதனுடன் உட்கொள்வது என்னும் சித்த மருத்துவத்தின் அனுபான நெறி இவ்விடத்து எண்ணத்தக்கது. எனினும், மரபின் பெயரால் விற்கப்படும் பூச்செண்ணெய்களுக்கு இஃது சான்றாகாது. மலேசியாவில் கஞ்சா, 1952ஆம் ஆண்டு அபாயகரமான போதைப்பொருள் சட்டத்திற்கு உட்பட்டது என்பதும் நினைவிற்குரியது.