ஒருமைத் ‘தே’யின் இரு பணிகள்: வீடியோ கேம் உரையில் பால் சுட்டலும் சுட்டாமையும்

ஒருவரைக் குறிக்க ஆங்கிலத்தில் ‘தே’ என்னும் பன்மைச் சொல்லை ஆளலாமா என்ற வழக்கு ஏட்டளவில் ஏறத்தாழ முடிந்துவிட்டது. 14-ஆம் நூற்றாண்டிலிருந்தே அந்த ஆட்சிக்கு எழுத்துச் சான்று உண்டு. 18-ஆம் நூற்றாண்டு இலக்கணிகள் ‘ஹி’ என்னும் ஆண்பாற் சொல்லே இருபாலுக்கும் பொது என்றனர். 1850-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம், சட்டங்களில் வரும் ஆண்பாற் சொற்கள் பெண்களையும் உள்ளடக்கும் என்று சட்டமே இயற்றியது. அந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. 2019-இல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி ‘தே’யை ஆண்டின் சொல்லாக அறிவித்தது. அதே ஆண்டு வெளிவந்த அமெரிக்க உளவியல் சங்க நடைக் கையேட்டின் 7-ஆம் பதிப்பும் ஒருமைப் பொருளில் அதனை ஏற்றது.

வீடியோ கேம் எழுத்தில் மட்டும் வழக்கு ஓயவில்லை. நாவல் எழுதுபவருக்குத் தம் பாத்திரம் யாரென்று தெரியும். ஆட்டத்துக்கு உரையாடல் எழுதுபவருக்கோ கதைத்தலைவர் யாரென்பது பல வேளைகளில் தெரியாது. அதை முடிவு செய்பவர் பின்னால் வரும் ஆட்டக்காரர். ஆகவே இங்கே எழும் கேள்வி, ‘உரைக்கு என்ன தெரியும்?’ என்பதாகும். ஒருமைத் ‘தே’ இரண்டு வேறு பணிகளைச் செய்கிறது. பால் தெரியாத அல்லது பொருட்டல்லாத எவரையும் குறிப்பது ஒன்று. அச்சொல்லையே தமக்குரியதாகக் கொண்ட குறிப்பிட்ட ஒருவரைக் குறிப்பது மற்றொன்று. முதற்பணியின் வசதிக்காக எல்லாரையும் ‘தே’ என்றால் இரண்டாம் பணி மங்கிவிடும் என்பதும், தெரியாதபோது ‘தே’யும் தெரிந்தபின் தெரிந்த சொல்லும் வரவேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முன்னிலையில் எழாத சிக்கல்

வில் க்ரௌதர் 1976 அளவில் எழுதி, டான் உட்ஸ் 1977-இல் விரித்த ‘அட்வெஞ்சர்’ முதலிய உரை ஆட்டங்கள் ஆட்டக்காரரை முன்னிலையிலேயே விளித்தன. ஆங்கில முன்னிலைக்குப் பால் இல்லை. குகைக்குள் தனியே திரிபவரைப் பற்றி மூன்றாமவர் பேசவும் தேவையில்லை.

பலர் ஒரே உலகில் கூடியதும் நிலை மாறியது. ஒருவர் செய்வதை அறையிலுள்ள மற்றவர்களுக்கு அறிவிக்கப் படர்க்கை வேண்டும். ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் பாவெல் கர்டிஸ் 1990-இல் தொடங்கிய ‘லாம்ப்டாமூ’ என்னும் உரையுலகம் இதற்குக் கண்ட வழி இன்றும் படிக்கத் தக்கது. பயனர் தம் பாலைக் கட்டளையிட்டுத் தேர்ந்துகொள்ளலாம். ஆண், பெண், அஃறிணை ஆகியவற்றோடு, ‘தே’ வழங்கும் பன்மை, கணிதவியலாளர் மைக்கேல் ஸ்பிவாக்கின் நூலிலிருந்து வந்த புதுச்சொற்கள், தன்மைச் சொல்லாலேயே தன்னைச் சுட்டும் ‘தற்பெருமை’, அரசர்போல் ‘நாம்’ எனும் வகை வரை அங்கே இடம் உண்டு. எழுவாய், செயப்படுபொருள், இருவகை உடைமை, தற்சுட்டு என ஐந்து வடிவங்களைத் தனித்தனி மாறிகளாக வைத்து, வாக்கியத்தில் உரிய இடத்தில் நிரப்பினர்.

2022 மே மாதத்தில் ‘தி சிம்ஸ் 4’ பயனரே சொல் வடிவங்களை எழுதிக்கொள்ளும் வசதியைத் தந்தது. அங்கும் நிரப்ப வேண்டியவை அதே ஐந்து வடிவங்களே. ஆகவே ஆட்ட நிரலில் படர்க்கைப் பெயரைத் தனித் தரவாகப் பேணுவது நேற்றுப் பிறந்த அரசியலன்று. பலர் சந்திக்கும் உலகத்துக்கு உரை எழுதத் தொடங்கியதுமே எழுந்த நடைமுறைத் தேவை அது.

பெயர் சொல்லித் தப்புதல்

உரையை மாற்றுவது எளிது. குரலை மாற்றுவதற்குச் செலவாகும். கதைத்தலைவரைப் படர்க்கையில் சுட்டும் ஒவ்வொரு வசனத்தையும் ‘ஹி’, ‘ஷி’, ‘தே’ என மூன்று முறை பதிவு செய்ய வேண்டும். 2007-இல் வந்த ‘மாஸ் எஃபெக்ட்’ ஒரு வழி கண்டது. தலைவருக்கு மார்க் மியரும் ஜெனிஃபர் ஹேலும் தனித்தனியே குரல் தந்தனர். சுற்றியிருப்போர் பெரும்பாலும் ‘ஷெப்பர்ட்’ என்ற குடும்பப் பெயரையே சொன்னதால் ஒரே பதிவு ஆண் தலைவருக்கும் பெண் தலைவருக்கும் பொருந்தியது. பிற ஆட்டங்கள் பட்டப்பெயரைக் கையாண்டன.

இது குறைபாடன்று, நேர்மையான உத்தி. எந்தப் பாலையும் கேட்காமல், எதையும் சுட்டாமல் போவதில் யாருக்கும் தவறு நேர்வதில்லை. பாலைக் கேட்டுவிட்டு அதைப் புறக்கணிக்கும்போதுதான் தவறு நேர்கிறது. தொடக்கத் திரையில் ஒருவர் ‘ஷி’ என்று தேர்ந்த பிறகு, பதிவுச் செலவு கருதி எல்லாப் பாத்திரங்களும் அவரைத் ‘தே’ என்றே அழைத்தால், கேட்ட கேள்வி வெறும் சடங்காகிவிடும்.

கேள்வியை எதனோடு பிணைப்பது என்பதும் முக்கியம். 2020-இல் வெளியான ‘சைபர்பங்க் 2077’ உடலமைப்பில் பல தேர்வுகளைத் தந்தும், பாத்திரத்தை எப்படிச் சுட்டுவது என்பதைக் குரலோடு பிணைத்தது. ஆண்குரல் தேர்ந்தவர் ‘ஹி’, பெண்குரல் தேர்ந்தவர் ‘ஷி’. 2023-இல் வந்த ‘பால்டர்ஸ் கேட் 3’ உடல், குரல், அடையாளம் மூன்றையும் தனித்தனியே தேரவிட்டது. அதே ஆண்டின் ‘ஸ்டார்ஃபீல்ட்’ படர்க்கைப் பெயருக்குத் தனித் தேர்வு வைத்தது. குரல் ஒலி, உடல் உருவம், படர்க்கைப் பெயர் சமூக உறவு. ஒன்றிலிருந்து மற்றொன்றை ஊகிப்பது எழுத்தாளர் அறியாததை அறிந்ததாகக் கொள்வதாகும்.

ஃப்ரிஸ்கும் கிரிஸும்

இரண்டாம் பணிக்குச் சிறந்த சான்று டோபி ஃபாக்ஸின் இரண்டு ஆட்டங்கள். 2015-இல் வந்த ‘அண்டர்டேல்’ தன் தலைமைப் பாத்திரத்தைத் ‘தே’ என்றே சுட்டுகிறது. யார் வேண்டுமானாலும் தம்மைப் பொருத்திக்கொள்ள விட்ட வெற்றிடமே அது என்று சிலர் கொண்டனர். ஆனால் அமைதி வழியில் ஆட்டத்தை முடிப்பவருக்கு, தாம் தொடக்கத்தில் இட்ட பெயர் இப்பாத்திரத்தின் பெயரன்று என்பதும், அதன் பெயர் ஃப்ரிஸ்க் என்பதும் தெரியவரும்.

2018-இல் முதல் அத்தியாயம் வெளியான ‘டெல்டாரூன்’ இன்னும் ஐயமின்றிப் பேசுகிறது. அதன் தலைமைப் பாத்திரமான கிரிஸுக்குத் தாய் உண்டு, ஊர் உண்டு, ஊராருக்கு நினைவிருக்கும் குழந்தைப் பருவம் உண்டு. அத்தியாயத்தின் முடிவில், ஆட்டக்காரரின் கட்டளைக்கு அடங்கும் சிவப்பு இதயத்தைத் தம் உடலிலிருந்து பிடுங்கி எறிகிறார் கிரிஸ். ஆட்டக்காரர் வேறு, கிரிஸ் வேறு என்று கதையே சொன்ன பிறகு, கிரிஸுக்குரிய ‘தே’யை ஆட்டக்காரருக்கான காலியிடம் என்று படிக்க இயலாது. அது ஓர் ஆளின் சொல். எல்லாப் பாத்திரங்களையும் ‘தே’ என்று எழுதியிருந்தால் இந்தப் பொருள் நமக்குக் கிட்டியிராது. உடன்வரும் தோழர்களில் சூசி ‘ஷி’ என்றும் ரால்ஸெய் ‘ஹி’ என்றும் சுட்டப்படுவதால்தான் கிரிஸின் ‘தே’ தெளிவாகக் கேட்கிறது.

தடைகள் இரண்டு

‘தே’ ஒருவரா பலரா என்ற மயக்கம் முதல் தடை. போர்க்களச் செய்தியில் ‘தே தாக்கினர்’ என்று வந்தால் எதிரி ஒருவரா கூட்டமா என்பது உயிர்போகும் கேள்வி. இது மெய். ஆனால் இரு ஆண்கள் மோதும் வாக்கியத்தில் ‘ஹி’யும் இதே மயக்கத்தைத் தருகிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே. தேவைப்படும் இடத்தில் பெயரைத் திரும்பச் சொல்வது.

வினை இயைபு இரண்டாம் தடை. ஆங்கிலத்தில் பெயருக்குப் பின் ஒருமை வினையும், அதே ஆளைச் சுட்டும் ‘தே’க்குப் பின் பன்மை வினையும் வரவேண்டும். ஆகவே படர்க்கைப் பெயரை மட்டும் மாற்றும் நிரல் பிழைபட்ட வாக்கியங்களைத் தரும். வினையும் மாறியாக வேண்டும். க்ரஹம் நெல்சனின் ‘இன்ஃபார்ம் 7’ போன்ற ஆட்டமொழிகள் வினையையும் இயைபுக்கேற்ப மாற்ற வசதி தந்துள்ளன. இது உழைப்பு கோரும் சிக்கல், கொள்கைச் சிக்கலன்று.

பிறமொழிக்குச் செல்லும்போது

ஆங்கிலத்தில் பால் காட்டாத முன்னிலை, அரபியிலும் இந்தியிலும் வினையிலேயே பால் காட்டும். பிரெஞ்சில் பெயரடையில் காட்டும். எனவே பாலைத் தரவாகப் பேணாத ஆங்கில ஆட்டம், மொழிபெயர்ப்பாளரை ஊகத்தில் தள்ளுகிறது.

தமிழின் நிலை தனித்தன்மை உடையது. தன்மையிலும் முன்னிலையிலும் நமக்குப் பால் இல்லை. படர்க்கையில் ‘அவர்’ உண்டு. பன்மையாயிருந்து ஒருவருக்கு வந்த சொல் என்ற வகையில் அது ‘தே’யின் நெருங்கிய உறவு. ஒருவரைப் பன்மைச் சொல்லால் குறிப்பது உயர்வு கருதிய வழக்கே, இலக்கண நெறியன்று என்று தொல்காப்பியக் கிளவியாக்கம் வகுத்திருப்பதும், ‘ஒருவர்’ என்னும் சொல் இருபாற்கும் உரியது, பன்மை முடிபு ஏற்பது என்று பெயரியல் கூறுவதும் ஆங்கில வழக்காடலுக்கு மிக முந்தியவை.

ஆயினும் ‘அவர்’ விலையின்றி வருவதில்லை. மதிப்பை உடன் கொண்டுவருகிறது. பள்ளி செல்லும் கிரிஸைத் தாயே ‘அவர் இன்னும் தூங்குகிறார்’ என்றால் தமிழ்க் காதுக்கு உறவு பிறழும். பெயரைச் சொல்லி, பால் காட்டும் வினைமுற்றைத் தவிர்த்து, ‘கிரிஸுக்கு இன்னும் தூக்கம் கலையவில்லை’ என்று எழுதலாம். அதனால் பால் மறையும். ஆனால் கிரிஸுக்கே உரிய சொல் என்ற இரண்டாம் பணியும் உடன் மறையும். தெரியாதவரைக் குறிக்கத் தமிழில் எப்போதும் வழி உண்டு. தமக்கெனப் பொதுச்சொல் கொண்ட இளையவர் ஒருவரைக் குறிக்கத்தான் வழி தேட வேண்டியிருக்கிறது. இரு பணிகளும் வேறு என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டியதில்லை.

முடிவுரை

விதிமுறை உரையிலும், இணையத்தில் எதிர்ப்படும் அறியாத ஆட்டக்காரரைச் சுட்டும் அறிவிப்பிலும் ‘தே’யே பொருத்தம். ‘மேஜிக்: தி கேதரிங்’ என்னும் சீட்டாட்டம் 2018-இன் ‘டொமினேரியா’ தொகுதியில் ‘ஹி ஆர் ஷி’யை விடுத்து ‘தே’க்கு மாறியது இவ்வகையில் சரியான முடிவு. எழுத்தாளர் படைத்த பாத்திரத்துக்கு அப்பாத்திரத்தின் சொல்லும், ஆட்டக்காரர் படைத்த பாத்திரத்துக்கு அவர் தேர்ந்த சொல்லும் உரியவை. தேர்வைக் காக்க இயலாத நிறுவனம் கேள்வியைக் கேட்காமல் பெயரோடு நிற்பது மேல்.

ஆக, உரையில் ‘தே’ வரும் ஒவ்வோரிடத்திலும் எழுத்தாளரிடம் ஒரு விடை இருக்க வேண்டும்: இவரை எனக்குத் தெரியாது என்பதாலா, இவருக்குரிய சொல் இது என்பதாலா? இரண்டும் இன்றி, எல்லாரையும் அடக்கிவிடும் என்ற வசதிக்காக மட்டும் வரும் ‘தே’, 1850-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ‘ஹி’ செய்த வேலையையே செய்கிறது.